வெறுங்கால் ஓட்டத்துக்கு மாறுகிறவர்கள் எலும்புக்கும் அவகாசம் கொடுக்க வேண்டும்

ஷூ அணிந்து பல ஆண்டுகள் ஓடிய ஒருவர் வெறுங்கால் ஓட்டத்துக்கு மாற விரும்பினால், அவர் காதில் விழும் அறிவுரைகள் பெரும்பாலும் இரண்டு வகையாகவே இருக்கின்றன. மனிதன் வெறுங்காலில் ஓடப் பிறந்தவன், ஷூவைக் கழற்றினாலே போதும், மற்றதை உடல் பார்த்துக்கொள்ளும் என்பார்கள் ஒரு சாரார். வேண்டாத வேலை, கால் உடைந்துவிடும் என்பார்கள் மற்றொரு சாரார். நான் மாற முற்பட்டபோது இரண்டையும் வேண்டிய மட்டும் கேட்டேன். ஆனால் தோல் எப்போது பழகும், தசை எப்போது பழகும், எலும்பு எப்போது பழகும், இவையெல்லாம் ஒரே வேகத்தில் பழகுமா என்பதை மட்டும் எவரும் சொல்லவில்லை. அப்படியொரு கேள்வி இருப்பதே எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அதைத் தெரிந்துகொள்வதற்குள் ஓராண்டின் பெரும்பகுதி போய்விட்டது. மருத்துவர், ஸ்கேன், பிசியோதெரபி, பாதத்தை அசையவிடாமல் பிடித்துவைக்கும் பூட்ஸ் என்று செலவான பணமும் சிறிதன்று. வெறுங்கால் ஓட்டத்தை நான் இன்றும் விடவில்லை. ஆகவே இதை எச்சரிக்கையாக மட்டும் எடுத்துக்கொள்ளாமல், ஒரு கால அட்டவணையாகவும் படிக்க வேண்டுகிறேன்.

என்னை இந்தப் பக்கம் திருப்பியது முழங்கால் வலி. நீண்ட ஓட்டங்களுக்குப் பிறகு மாடிப்படி இறங்கும்போது முட்டிச்சில்லைச் சுற்றி வலிக்கும். ஷூவை மாற்றிப் பார்த்தேன். உள்ளே வைக்கும் மெத்தைத் தகட்டை மாற்றிப் பார்த்தேன். வலி சில வாரங்கள் ஒளிந்திருந்துவிட்டுத் திரும்பிவிடும். அப்போதுதான் 2010ஆம் ஆண்டு ‘நேச்சர்’ அறிவியல் இதழில் ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் டேனியல் லீபர்மனும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வைப் பற்றிப் படித்தேன். சிறு வயதிலிருந்தே வெறுங்காலில் ஓடிப் பழகியவர்கள் பெரும்பாலும் முன்பாதத்தையோ பாதத்தின் நடுப்பகுதியையோ முதலில் ஊன்றுகிறார்கள் என்பதும், அவ்வாறு ஊன்றும்போது குதிகால் தரையில் மோதும் அந்தத் திடீர் அதிர்ச்சி ஏறக்குறைய இல்லாமலே போய்விடுகிறது என்பதும் அதன் சாரம். 1960இல் ரோம் ஒலிம்பிக் மராத்தானை எத்தியோப்பிய வீரர் அபேபே பிகிலா வெறுங்காலில் ஓடி வென்றதையும் சேர்த்துக்கொண்டு, என்னைத் தடுத்தவர்களிடமெல்லாம் வாதாடினேன். அவர் வெறுங்காலில் ஓடியே பழகியவர் என்பதையும், நான்கு ஆண்டுகள் கழித்து டோக்கியோவில் அவர் வென்றபோது ஷூ அணிந்திருந்தார் என்பதையும் அந்த வாதங்களில் எடுத்துச் சொல்ல எனக்கு வசதியாக இல்லை.

அந்த ஆய்வைப் படித்தவர்கள் பலரும் தவறவிடுகிற செய்தி ஒன்று உண்டு. ஓடும்போது உடலின் எடை எங்கேயாவது தாங்கப்பட்டே ஆக வேண்டும். முன்பாதத்தில் ஊன்றினால் முழங்காலின் சுமை குறைகிறது என்பது உண்மை. ஆனால் குறைந்த சுமை மறைந்துவிடுவதில்லை, கணுக்காலுக்கும் கெண்டைக்கால் தசைக்கும் அதைக் குதிகாலோடு இணைக்கும் குதிநாணுக்கும் பாதத்தின் நடுவிலுள்ள மெல்லிய நீள எலும்புகளுக்கும் இடம் மாறுகிறது. வழக்கமான ஓட்ட ஷூக்களில் குதிப்பகுதி முன்பகுதியைவிட 8 முதல் 12 மில்லிமீட்டர் வரை உயரமாக இருக்கும். பல ஆண்டுகள் அந்த உயரத்துக்குப் பழகிப்போன கெண்டைக்காலும் குதிநாணும், ஷூவைக் கழற்றிய நாளிலிருந்து ஒவ்வோர் அடியிலும் அந்த அளவுக்குக் கூடுதலாக நீள வேண்டியிருக்கிறது. ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஆயிரம் காலடிகள் எடுத்துவைக்கிறோம் என்பதை நினைத்துப் பார்த்தால், இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது விளங்கும்.

நான் முழு வெறுங்காலில் தொடங்கவில்லை. அடிப்பாகம் மெல்லியதாக, மெத்தை ஏதுமின்றி இருக்கும் ஷூ ஒன்றை வாங்கினேன். ஷூவுக்கும் வெறுங்காலுக்கும் நடுவே அது பாதுகாப்பான படியாக இருக்கும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். வாரத்துக்குப் பத்து விழுக்காட்டுக்கு மேல் தூரத்தைக் கூட்டாதே என்று ஓட்டக்காரர்கள் சொல்லும் விதியையும் கடைப்பிடித்தேன். முதல் சில வாரங்கள் கெண்டைக்கால் கட்டைபோல் இறுகிக் கிடந்தது. பிறகு அந்த வலி விலகியது. அதன் பின் வந்த நாள்களைப் போல ஓட்டத்தில் நான் மகிழ்ந்திருந்த காலம் வேறு இல்லை என்றே சொல்வேன். முழங்கால் வலி அறவே போயிற்று. உடல் எடை குறைந்ததுபோல் இருந்தது. காலடி ஓசை எனக்கே கேட்கவில்லை. முன்பைவிட வேகமாக, மூச்சு வாங்காமல் ஓடினேன். பழைய ஷூவைத் தூக்கி ஒருவருக்குக் கொடுத்தும்விட்டேன். இந்த இடத்தில் வாசகர் சற்று நிற்க வேண்டும். மாற்றத்தின் மிக ஆபத்தான கட்டம் வலி மிகுந்த தொடக்க வாரங்கள் அல்ல. அவை முடிந்த பிறகு, ஏறக்குறைய ஐந்தாம் வாரத்திலிருந்து மூன்றாம் மாதம் வரை, எல்லாம் கைகூடிவிட்டது என்று தோன்றும் இந்தக் காலம்தான்.

வலி வந்தபோது அது வலியைப் போலவே இல்லை. பாதத்தின் மேற்புறத்தில், இரண்டாம் விரலுக்குப் பின்னால், ஷூவின் கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டோமோ என்று எண்ணும்படியான ஒரு மந்தமான உறுத்தல். ஓடத் தொடங்கியபின் சற்று நேரத்தில் மறைந்துவிடும். அடுத்தடுத்த ஓட்டங்களில் மறைவதற்கு நேரம் கூடியது. பிறகு மறையவே இல்லை. பிறகு நடக்கும்போதும் வந்தது. மருத்துவரிடம் சென்றேன். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு எலும்பில் ஒன்றுமில்லை, தசைநார் சுளுக்கு, சில நாள்கள் ஓய்வு போதும் என்றார். அழுத்த முறிவு எனப்படும் மயிரிழை விரிசல், வலி தொடங்கிய முதல் இரண்டு மூன்று வாரங்களில் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது என்பதும், எம்ஆர்ஐ ஸ்கேனில்தான் தொடக்கத்திலேயே புலப்படும் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. ஒன்றுமில்லை என்ற சொல்லை நம்பி, ஓய்வு முடிந்ததும் மீண்டும் ஓடினேன். அதன் பிறகு காலை ஊன்றவே முடியாத நிலை வந்தபோதுதான் வேறொரு மருத்துவரிடம் போய், ஸ்கேன் எடுத்து, இரண்டாம் மெட்டாடார்சல் எலும்பில், அதாவது இரண்டாம் விரலுக்குப் பின்னாலுள்ள நீள எலும்பில், விரிசல் இருப்பதை அறிந்தேன்.

இத்தகைய விரிசல் ஆற ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகும் என்பார்கள். அது நடப்பதற்குத்தான், ஓடுவதற்கு அல்ல. பூட்ஸை மாட்டிக்கொண்டு நொண்டிய அந்த வாரங்களில் எனக்கு வலியைவிட எரிச்சலே அதிகம் இருந்தது. காலையில் ஓடுகிறவர்களைச் சன்னல் வழியாகப் பார்க்கப் பிடிக்காமல் நேரம் கழித்து எழத் தொடங்கினேன். நண்பர்கள் அனுப்பும் ஓட்டப் படங்களுக்குப் பதில் அனுப்புவதை நிறுத்தினேன். கால் உடையும் என்று முன்பே எச்சரித்தவர்கள் முகத்தில் ஒரு திருப்தி தெரிந்ததாக எனக்குத் தோன்றியது. உண்மையில் அவர்கள் அனுதாபத்துடன்தான் இருந்திருப்பார்கள். காயம்பட்ட ஓட்டக்காரர் வீட்டிலிருப்பவர்களுக்கு எவ்வளவு தொல்லை என்பதைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.

அந்த ஓய்வில் படித்தவையும், பின்னர் பிசியோதெரபிஸ்ட் விளக்கியவையும்தான் நடந்தது என்ன என்பதைப் புரியவைத்தன. உள்ளங்கால் தோல் சில வாரங்களில் தடித்துவிடும். தசை ஓரிரு மாதங்களில் வலுப்பெறும். அதற்கு இரத்த ஓட்டம் தாராளமாக இருக்கிறது. தசைநாணுக்கு இரத்த ஓட்டம் குறைவு என்பதால் அது பல மாதங்கள் எடுத்துக்கொள்ளும். எலும்போ இதைவிடச் சிக்கலானது. புதிய சுமை விழும்போது, வீட்டைப் புதுப்பிக்கிறவர்கள் பழைய சுவரை இடித்துவிட்டே புதியதை எழுப்புவதுபோல, உடல் முதலில் அந்த இடத்துப் பழைய எலும்பைக் கரைக்கிறது. பிறகுதான் புதிய எலும்பை வைத்து நிரப்புகிறது. கரைப்பது சில வாரங்களில் முடிந்துவிடும், நிரப்பி இறுக்குவதற்கு மூன்று நான்கு மாதங்கள் வேண்டும். எனவே மாறத் தொடங்கிய சில வாரங்களில் எலும்பு முன்பு இருந்ததைவிடவும் சற்றுப் பலவீனமாக இருக்கக்கூடும். தசை வலுவடைந்து, வேகம் கூடி, மனம் துள்ளுகிற அதே காலம்தான் அது. பத்து விழுக்காட்டு விதி ஏற்கெனவே பழகிய ஓட்டத்தின் தூரத்தைக் கூட்டுவதற்கு உதவலாம். ஓடும் விதமே மாறும்போது அது கணக்கில் எடுத்துக்கொள்ளாதது இதைத்தான்.

இது என் ஒருவனின் துரதிர்ஷ்டமும் அல்ல. 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அனுபவமுள்ள 36 ஓட்டக்காரர்களில் ஒரு பகுதியினர் பத்து வாரங்களில் படிப்படியாக மெல்லிய அடிப்பாகமுள்ள ஷூவுக்கு மாறினார்கள். மற்றவர்கள் வழக்கமான ஷூவிலேயே ஓடினார்கள். பத்து வாரங்கள் கழித்து எம்ஆர்ஐ எடுத்தபோது, மாறிய 19 பேரில் பத்துப் பேருக்குப் பாத எலும்புகளில் நீர் கோத்திருப்பது, அதாவது எலும்பு சுமையால் திணறுவதற்கான அடையாளம், கூடியிருந்தது. மாறாதவர்களில் ஒருவருக்குத்தான் அப்படி இருந்தது. அவசரமில்லாத திட்டம் என்று நாம் நினைக்கும் பத்து வாரங்களே எலும்புக்குப் போதவில்லை என்பதை இதைவிடத் தெளிவாக வேறெதுவும் எனக்குச் சொல்லவில்லை. மாற்றத்துக்கு ஆறு மாதம் என்பது குறைந்த அளவு, ஓராண்டு என்பது நியாயமான அளவு என்று இப்போது என்னைக் கேட்பவர்களிடம் சொல்கிறேன். கேட்டவுடன் பலர் முகம் சுருங்கிவிடுகிறது.

இரண்டாம் முறை தொடங்கியபோது முதல் இரண்டு மாதங்கள் ஓட்டமே இல்லை. வீட்டுக்குள் செருப்பின்றி நடப்பதும், பின்னர் வெளியே சமதளமான தரையில் நடப்பதும்தான் பயிற்சி. அதோடு, படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து நின்று, குதிகாலை உயர்த்தி மெதுவாகக் கீழே இறக்கும் பயிற்சியைச் செய்தேன். முதலில் இரு கால்களாலும், வலுவடைந்த பின் ஒற்றைக் காலாலும். ஒற்றைக் காலில் இருபது இருபத்தைந்து முறை தடுமாறாமல் செய்ய முடியாத ஒருவர் வெறுங்காலில் ஓடத் தொடங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. விரல்களை மடக்காமல் பாத வளைவை மட்டும் உயர்த்திச் சுருக்கும் பயிற்சி ஒன்று இருக்கிறது. பார்க்க எளிது, முதல் நாளில் எவருக்கும் வராது. பாதத்தின் சிறு தசைகள் எந்த அளவுக்குத் தூங்கிப்போயிருக்கின்றன என்பதை அதுவே காட்டிவிடும்.

ஓடத் தொடங்கியபோது, வழக்கமான மெத்தை ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். முதல் இரண்டு மூன்று நிமிடங்கள் வெறுங்காலில்; பிறகு ஷூவை மாட்டிக்கொண்டு மீதி ஓட்டத்தை வழக்கம்போல் முடிப்பது. வெறுங்கால் பகுதியைக் கடைசியில் வைக்கச் சொல்கிறவர்களும் உண்டு. களைத்த தசை பாதத்தைச் சரியாகப் பிடித்து இறக்காது என்பதால் அதை முதலில் வைப்பதே எனக்குச் சரியாகப் பட்டது. வாரத்தில் இரண்டு மூன்று நாள்களுக்கு மேல் இல்லை; அடுத்தடுத்த நாள்களில் கண்டிப்பாக இல்லை. ஒரு நிமிடம் கூட்டினால் அந்த அளவிலேயே இரண்டு வாரம் நிற்பது. மூன்று வாரம் மெல்லக் கூட்டினால் நான்காவது வாரத்தில் குறைப்பது. இது சலிப்பூட்டும். ஆனால் இந்த முறையில் மொத்த ஓட்டம் குறையவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்; ஷூ இருப்பதால் மூச்சும் இதயமும் பழைய பயிற்சியை இழப்பதில்லை, பாதம் மட்டும் தன் வேகத்தில் பழகிக்கொள்கிறது. பழைய ஷூவைத் தானம் செய்யாதீர்கள்.

மெல்லிய ஷூவை இடைப்படி என்று நினைப்பதையும் மறுபரிசீலனை செய்ய வேண்டும். உள்ளங்காலில் உணர்வு நரம்புகள் மிகுதியாக இருக்கின்றன. வெறுந்தரையில் பாதத்தை இழுத்தோ அறைந்தோ வைத்தால் தோல் சில நிமிடங்களிலேயே எரிந்து, நம்மை நிறுத்திவிடும். அப்படி நிற்பதே எலும்பைக் காக்கிறது. மெல்லிய ஷூ அந்த எரிச்சலை மறைத்துவிட்டு, மெத்தை தரும் உதவியையும் எடுத்துவிடுகிறது; அதாவது எச்சரிக்கையும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. ஆகவே இப்போது யாரேனும் கேட்டால், முதல் சில மாதங்கள் உண்மையான வெறுங்காலில் மிகக் குறைவாக ஓடுங்கள், மெல்லிய ஷூவைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்பேன். தோல் காய்த்துப்போனால் உணர்வு மங்கிவிடுமே என்ற அச்சமும் வேண்டாம். இயற்கையாகத் தடித்த உள்ளங்கால் தோல், தரையை உணரும் திறனைக் குறைப்பதில்லை என்று 2019இல் வெளியான ஆய்வொன்று காட்டியிருக்கிறது. தரையைப் பொறுத்தவரை புல்வெளியைவிட, சுத்தமான, வழவழப்பான, கடினமான தளம் தொடக்கத்துக்கு நல்லது. புல் மென்மையாக இருப்பதால் தவறான காலடியை மன்னித்துவிடும். உள்ளே கிடக்கும் கண்ணாடித் துண்டையும் மறைத்துவிடும்.

காலடி வைக்கும் விதத்தில் ஒன்றை மட்டும் வலியுறுத்துவேன். முன்பாதத்தில் ஊன்ற வேண்டும் என்று கேள்விப்பட்டவர்கள் பலர், குதிகால் தரையைத் தொடாமல் நுனிக்காலிலேயே ஓடுகிறார்கள். நானும் அந்த முதல் கட்டத்தில் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தேன் என்பதைப் பிசியோதெரபிஸ்ட் எடுத்த வீடியோ காட்டியது. முன்பாதம் மெல்லத் தொட்டதும் குதிகாலும் இறங்கித் தரையைத் தொட வேண்டும். இல்லையென்றால் முழு எடையும் அந்த மெல்லிய எலும்புகளிலும் குதிநாணிலும் தொங்குகிறது. இதை முயன்று வரவழைப்பதைவிட, அடிகளைச் சிறிதாக்கி எண்ணிக்கையைக் கூட்டினால் தானாகவே வரும். நிமிடத்துக்கு 180 காலடி என்று சொல்லப்படுவதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. தற்போது எடுக்கும் அடிகளைவிட ஐந்து முதல் பத்து விழுக்காடு கூட்டிப் பார்த்தால் போதும். கால் நீட்டி முன்னே வைப்பது நின்று, உடலுக்கு நேர் கீழே பாதம் விழத் தொடங்கும். கொப்புளம் எங்கே வருகிறது என்பதும் நல்ல ஆசிரியர்: விரல் நுனிகளிலும் முன்பாதத்திலும் வந்தால், தரையைப் பின்னால் உந்தித் தேய்க்கிறீர்கள் என்று பொருள், பாதத்தைத் தள்ளாமல் தூக்கி எடுக்கப் பழக வேண்டும்.

எந்த வலியோடு ஓடலாம், எந்த வலியில் நிற்க வேண்டும் என்பதுதான் எனக்கு அப்போது மிகவும் தேவைப்பட்ட அறிவு. இரு கால்களிலும் ஒன்றுபோல, பரவலாக, தொட்டால் இன்ன இடம் என்று காட்ட முடியாதபடி கெண்டைக்காலில் வரும் வலி, இரண்டு மூன்று நாள்களில் விலகினால் அது தசையின் வலி, அஞ்ச வேண்டாம். காலையில் படுக்கையிலிருந்து இறங்கி வைக்கும் முதல் அடியில் குதிகாலின் அடியில் குத்தினால், உள்ளங்கால் சவ்வு முறையிடுகிறது. குதிகாலுக்குச் சற்று மேலே நாண் விறைத்து, நடக்க நடக்க இளகினால், அது குதிநாண். இந்த இரண்டிலும் அளவைப் பாதியாகக் குறைத்து, பயிற்சிகளைக் கூட்டிப் பார்க்கலாம். ஆனால் ஒரே காலில், ஒற்றை விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஓர் இடத்தில், எலும்பின் மீது அழுத்தினால் வலித்து, ஓட ஓடக் கூடினால், அன்றே நிறுத்திவிட வேண்டும். பாதத்தின் மேற்புறம் வீங்கியிருந்தால் ஐயமே வேண்டாம். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லப்பட்டால், அழுத்த முறிவாக இருக்கக்கூடுமா, எம்ஆர்ஐ தேவையா என்று வாய்விட்டுக் கேளுங்கள். அந்த ஒரு கேள்வி எனக்குப் பல மாதங்களை மிச்சப்படுத்தியிருக்கும்.

எல்லோருக்கும் ஏற்ற ஓட்டமும் அல்ல இது. நீரிழிவினாலோ வேறு காரணத்தாலோ பாதத்தில் உணர்வு குறைந்தவர்கள் வெறுங்காலில் ஓடக் கூடாது. புண் ஏற்பட்டதே அவர்களுக்குத் தெரியாமல் போகும். எலும்பு அடர்த்தி குறைந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. டெட்டனஸ் தடுப்பூசி போட்டுப் பத்து ஆண்டுகள் கடந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெயிலில் காய்ந்த தார்ச்சாலை, தோல் எவ்வளவு தடித்திருந்தாலும் சுட்டுவிடும்.

இப்போது குறுகிய ஓட்டங்களை வெறுங்காலிலும், நீண்ட ஓட்டங்களையும் கரடுமுரடான பாதைகளையும் ஷூவிலும் ஓடுகிறேன். முழுமையாக மாற வேண்டும் என்ற வைராக்கியம் போய்விட்டது. முழங்கால் வலி திரும்பவில்லை, எனக்கு வேண்டியிருந்தது அதுதான். காய்ச்சலோ பயணமோ குறுக்கிட்டு வெறுங்கால் ஓட்டம் ஓரிரு வாரம் நின்றால், விட்ட அளவில் பாதியிலிருந்து தொடங்குகிறேன். ஒரு மாதத்துக்கு மேல் நின்றுபோனால், மீண்டும் ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு, ஐந்து நிமிடத்துக்கு மேல் போகாமல் ஆரம்பிக்கிறேன்.